ஆளில்லாத பாலத்தின் படம்

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், அலுவலக வாசலில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "நிக்காதீங்க, நடங்க!" என்று கத்தினார்.

அது நகராட்சியின் பாலங்கள் பிரிவு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கட்டடப் பொறியியல், முதல் வகுப்பு. அன்று காலை அந்த வாசலில் நான் ஏன் நின்றேன் என்பது புரியவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் சான்றிதழ்ப் பை. சாலையின் அந்தப் பக்கம் முக்காலியில் ஏற்றிய கேமரா ஒன்று அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வளர்ந்த கிராமத்தில் கேமராவைக் கண்டால் அசையாமல் நிற்பதுதான் மரியாதை. மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம். படியின் நடுவில் நின்று அடக்கிக்கொண்டேன்.

"தம்பி, உங்களைத்தான்! உள்ள போறதுன்னா போங்க, வெளிய வர்றதுன்னா வாங்க. நடுவுல நிக்காதீங்க."

"போட்டோ எடுக்கறீங்களேன்னு நின்னேங்க."

"அதனாலதான் போங்கன்னு சொல்றேன்."

போனேன். மதியம் அவரே என் மேஜையைத் தேடி வந்து கேமராவின் திரையைக் காட்டினார். தூண், படி, பெயர்ப்பலகை எல்லாம் துடைத்துவைத்ததுபோல் இருந்தன. காலை நேரத்துக் கூட்டம் ஏறி இறங்கிய அந்த வாசலில் ஒரு ஆள் இல்லை. படியின் நடுவில் மட்டும் கரித்துணியால் இழுத்ததுபோல் ஒரு புகை.

"இது என்னங்க?"

"இது நீங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டீங்க, அதனால கொஞ்சம் பதிஞ்சிருக்கீங்க. முழுசா நின்னிருந்தா முழுசா இருந்திருப்பீங்க."

வேலையில் சேர்ந்த அன்று என்னை எடுத்த படம் அது ஒன்றுதான். அம்மாவுக்கு அனுப்பினேன். "நீ எங்கடா இருக்கே?" என்று கேட்டார். நடுவில் என்றேன். "சரி, நல்லா சாப்பிடு, உடம்பு இளைச்சுப் போச்சு" என்றார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் முக்காலி அக்கா. நாற்பதைத் தொடப்போகிற வயது. தோளில் முக்காலி, குறுக்கே கேமராப் பை, கையில் குடை. குடை கேமராவுக்கு. அதற்குமுன் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். ஸ்டூடியோ மூடியபிறகு, ஒப்பந்தத்தில் இங்கே வந்தார். ஊரிலுள்ள பாலம், மதகு, தடுப்புச்சுவர் எல்லாவற்றையும் முறைவைத்துப் படமெடுத்துத் தரவேண்டும். போன தடவை இருந்த விரிசல் இந்தத் தடவை நீண்டிருக்கிறதா என்று பெரிய இன்ஜினியர் பார்ப்பார். அவ்வளவுதான் வேலை.

ஆனால் பாலம் என்றிருந்தால் அதில் ஆள் இருப்பான். அக்காவின் ஆரம்பகாலப் படங்களைப் பார்த்திருக்கிறேன். பாலங்கள் பிரிவின் படங்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பெரிய இன்ஜினியர் பூதக்கண்ணாடியோடு உட்காருவாராம்.

"ஏம்மா, விரிசல் எங்க?"

"அந்த நீலச் சட்டைக்காரருக்குப் பின்னாடி இருக்கு சார்."

"அவரை நகரச் சொல்றதுதானே?"

"சொன்னேன் சார். அவர் நகர்ந்தார். இவ பாலத்தைப் போய் எடுக்கறாளே, இடிஞ்சு விழப்போகுதோன்னு பின்னாடி நாலு பேர் வந்து நின்னுட்டாங்க."

கண்ணைத் திறந்துவைத்து நேரமெடுத்துப் பார்க்கிற படம் பற்றி அவர் போனில் ஒரு வீடியோவில்தான் தெரிந்துகொண்டார். கேமராவின் கண்ணை மூன்று நிமிடம் மூடாமல் வைத்தால், அசையாமல் இருப்பவை மட்டும் படத்தில் நிற்கும். சுவர் மூன்று நிமிடமும் சுவராகவே இருக்கிறது. நடந்து போகிறவன் ஒரு இடத்தில் இருப்பது கண்ணிமைக்கிற நேரம். அந்தக் கொசுறு நேரத்தைக் கேமரா கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சிக்கல் என்னவென்றால், பகல் வெளிச்சத்தில் அத்தனை நேரம் திறந்துவைத்தால் படம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். அதற்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை முன்னால் மாட்டவேண்டும். கடையில் அதன் விலையைக் கேட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் கணவர் வெல்டர். ஒருநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோன அக்கா, அவருடைய முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். உச்சி வெயில் மங்கல் விளக்குப்போல் தெரிந்தது. அன்று மாலை அந்த முகமூடியில் கண்ணாடி இல்லை.

"என் கண்ணாடி எங்க?" என்று கணவர் கேட்டாராம்.

"பழசைத்தான் எடுத்தேன். உங்களுக்குத்தான் புதுசு இருக்குதே."

"கேமராவுக்குப் பத்த வைக்கப் போறியா?"

"ஆளுங்களைக் காணாம அடிக்கப் போறேன்."

"எங்கக்காகிட்ட இருந்து ஆரம்பி" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார்.

கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டு லென்சின்மேல் கட்டினார். முதல் படம் பாசிபிடித்த குளத்துக்கு அடியில் ஊர் இருப்பதுபோல் பச்சையாக வந்தது. பிறகு அதே கண்ணாடி வழியாக ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, "இதுதான் வெள்ளை" என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தார். கேமரா ஏறக்குறைய ஒப்புக்கொண்டது. கண்ணாடி போட்டபின் ஒன்றும் தெரியாது; அதனால் முதலில் குறிபார்த்து, ஃபோகஸைப் பூட்டி, அதன்பிறகு கண்ணாடியைக் கட்டுவார். பின்பக்கம் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை வழியாக வெளிச்சம் நுழையாமலிருக்கக் கறுப்பு டேப். மூன்று நிமிடம் எடுத்தால், எடுத்ததைச் சரிபார்க்க இன்னொரு மூன்று நிமிடம் கேமரா கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கும். அக்கா பக்கத்தில் அடுப்பில் பால் வைத்தவரைப்போல் நிற்பார்.

"எடுத்தாச்சாக்கா?" என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

"எடுத்துக்கிட்டே இருக்கு."

"என்ன கேமராக்கா இது? என் போன்லயே டக்குனு எடுக்குமே."

"உங்க போன் அவசரக்காரங்களுக்கு. நீங்க அந்தாண்ட போங்க."

பெரிய இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு விரிசலும் வேரோடு தெரிந்தது. மகிழ்ச்சியில் சில படங்களைப் பெரிதாக அச்சிட்டு அலுவலக நடைவழியில் மாட்டச் சொன்னார். பார்க்க வந்தவர்கள், "நல்ல ஊரா இருக்கே, எங்க இருக்கு இது?" என்று கேட்டார்கள். தாங்கள் இப்போது நடந்துவந்த தெருதான் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் படங்களில் ஒன்று, ரயில் பாதைக்கு மேலுள்ள இரும்பு நடைபாலம். பாதை ஊரை இரண்டாக வெட்டிப்போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் பேருந்து நிலையம், அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. பாலம் இல்லையென்றால் ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நோயாளி போய்ச்சேர்வதற்குள் நோய் பழகிவிடும். பேருந்து நிலையத்துப் பக்கம், படிக்கட்டுக்கு அடியில் கிடைத்த முக்கோண இடத்தில் ஒரு தையல் மெஷின். அக்காவின் நாத்தனார், அதாவது வெல்டரின் மூத்த அக்கா, அங்கேதான் கடை வைத்திருந்தார். பேன்ட் கால் மடிப்பது, ஜிப் மாற்றுவது, நர்ஸ்களின் சீருடையைப் பிடித்துத் தைப்பது. பாலத்தில் ஏறும்போது கொடுத்துவிட்டு இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். பாலத்தின் கூட்டம்தான் அவர் வியாபாரம்.

படத்தில் பாலம் காலியாக இருந்தது. படி காலி. கீழே நாத்தனார் மட்டும் உட்கார்ந்திருந்தார், ரவிக்கையின் ஊக்குவரைக்கும் தெளிவாக. முழங்கைக்குக் கீழே மட்டும் கைகள் இல்லை.

அப்போது நான் அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். கீழ்த்தளத்தில் நடப்பது எனக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

"ஊர்ல அத்தனை பேரையும் துடைச்சு எடுத்துட்டு என்னை மட்டும் விட்டுவச்சிருக்கா உன் பொண்டாட்டி" என்றார் நாத்தனார். "அதுவும் கையில்லாம. ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்காங்களாம். பார்க்கறவன் என்ன நினைப்பான்? பாவம், கையில்லாத பொம்பளை, மெஷினை வேடிக்கை பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு நினைக்கமாட்டான்?"

"அவ என்னக்கா செய்வா, கேமரா செய்யுது" என்றார் வெல்டர்.

"கேமராவுக்கும் எனக்கும் என்னடா பகை?"

"அண்ணி, நீங்க இடத்தைவிட்டு அசையறதில்லை, அதான் அப்படியே பதிஞ்சிட்டீங்க" என்றார் அக்கா.

"அப்ப கை?"

"கை ரொம்ப உழைச்சிருச்சு அண்ணி. அதனால காணோம்."

நாத்தனார் கொஞ்சநேரம் யோசித்தார். திட்டா பாராட்டா என்று அவருக்கும் பிடிபடவில்லை. "சோறு போடு" என்றார்.

பெரிய இன்ஜினியருக்கு மேலே புது அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்தார். எதையும் எண்ணிப் பார்க்காமல் பேசமாட்டேன் என்பார். கணிதத்தில் தங்கப்பதக்கம் வாங்கியதாக வந்த முதல்நாள் அவரே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவரும் அவர் குடும்பத்தில் படித்த முதல் ஆள். இரண்டாம் நாள் நடைவழியில் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், நடைபாலத்தின் முன்னால் நின்றுவிட்டார். அக்காவின் கேமரா படத்தின் மூலையில் நேரத்தையும் அச்சிட்டுவிடும். காலை ஒன்பது மணி.

"தம்பி, நீங்க இன்ஜினியர்தானே?"

"ஆமா சார். முதல் வகுப்பு."

"இந்தப் பாலத்தை யார் யூஸ் பண்றாங்க?"

"எல்லாரும் சார்."

"எல்லாரும்னா? காட்டுங்க."

நான் படத்தை நோக்கிக் கையை நீட்டினேன். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"காலை ஒன்பது மணி. ஊரே வேலைக்குப் போற நேரம். ஒரு தையல்காரம்மா இருக்காங்க. அவங்களும் பாலத்துமேல இல்லை, கீழ இருக்காங்க. அவங்களுக்குக் கையும் இல்லை."

"சார், நானே தினமும் அதுலதான் வர்றேன்."

"நீங்க ஒருத்தர். ஒருத்தருக்காக ஒரு பாலமா?"

பாலத்தின் தூண்களில் துரு ஏறியிருந்தது உண்மை. சரிசெய்யப் பெரிய செலவு. யாருமே ஏறாத பாலத்துக்கு எதற்குச் செலவு என்று, அதைப் பிரித்து எடுத்துவிடலாம் என்ற பரிந்துரையை நகராட்சிக் கூட்டத்துக்குத் தயார் செய்யச் சொன்னார். ஆதாரம், படம்.

அன்று மாலை கீழ்த்தளத்தில் இதைச் சொன்னேன். பாலம் போனால் படிக்கட்டு போகும், படிக்கட்டு போனால் கடை போகும். நாத்தனார் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"ஆத்தாடி! வெறும் படம் எடுத்தே என் கடையை இடிச்சிட்டாளே!"

"நான் விரிசல் தெரியணும்னுதான் அண்ணி எடுத்தேன்."

"இப்ப நல்லாத் தெரியுது, குடும்பத்துல."

வெல்டர், "நான் கண்ணாடியைக் குடுத்திருக்கவே கூடாது" என்றார்.

"நீங்க எங்க குடுத்தீங்க? நான்தான் எடுத்தேன்" என்றார் அக்கா. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று சாதாரணமாக ஒரு படம் எடுத்தார். பாலம் முழுக்கத் தலைகள். இரும்பே தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

அதிகாரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இந்தக் கூட்டப் படம் எவ்வளவு நேரம் எடுத்தது?"

"ஒரு நொடியில இருநூத்துல ஒரு பங்கு சார்."

"ஆளில்லாத படம்?"

"மூணு நிமிஷம் சார்."

அவர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி போட்டார். "ஏம்மா, ஒரு இடத்தை மூணு நிமிஷம் உக்காந்து பார்த்தவன் சொல்றதை நம்பணுமா, கண்ணிமைக்கிற நேரம் எட்டிப் பார்த்துட்டு ஓடினவன் சொல்றதை நம்பணுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் பட்டம் வாங்கியவன். எங்கோ இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கே என்று சொல்ல வரவில்லை. மூன்று நிமிடம் பெரியதுதான்.

"நடக்கறவங்க இதுல பதியமாட்டாங்க சார்" என்றார் அக்கா. "அவங்க இருந்தாங்க. கேமராதான் எடுத்துக்கலை."

"அப்ப நீங்க இந்த ஆபீசுக்குக் குடுத்ததெல்லாம் பொய்ப் படமா?"

அக்காவின் முகம் மாறிவிட்டது. "நான் எதையும் அழிக்கலை சார், சேர்க்கலை. நின்னா பதிவாங்க, நடந்தா பதியமாட்டாங்க."

"நல்லது. அப்ப நிக்கவச்சு எடுத்துட்டு வாங்க. மூணு நிமிஷம். நகராட்சிக் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கு."

எல்லோரையும் நடக்கச் சொல்லிச் சொல்லியே வாய் பழகியவர் அக்கா. மறுநாள் பாலத்தடியில், "கொஞ்சம் நில்லுங்களேன்" என்று கேட்டார். அந்தக் குரலுக்கு நாய்கூட நிற்காது. ஒரு பெரியவர் நின்று, "என்னம்மா?" என்றார், விளக்கம் சொல்லி முடிப்பதற்குள், "நல்லதும்மா" என்று போய்விட்டார். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் நாத்தனார் மெஷினை விட்டு எழுந்து வந்தார்.

"நீ கேமராவைப் பார். ஆளை நான் பார்க்கறேன்."

தைத்து முடித்த துணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவர் பாலத்தின்மேல் ஏறினார். நடுவில் நின்றார். தெரிந்த முகம் ஒவ்வொன்றாக மாட்டியது.

"அக்கா, டூட்டிக்கு நேரமாச்சு" என்றார் ஒரு நர்ஸ்.

"உன் யூனிபார்ம் இங்க இருக்கு. அது இல்லாம என்ன டூட்டி? நில்லு."

"மூணு நிமிஷம் நின்னா என் பஸ் போயிடும்" என்றார் ஒருவர்.

"நீதானே கண்டக்டர்? உன்னை விட்டுட்டு எப்படிப் போகும்? நில்லு."

"எனக்கு உங்ககிட்ட துணியே இல்லையே?"

"நாளைக்குக் கிழியும். நில்லு."

பாலம் நிரம்பியது. கீழேயிருந்து அக்கா கையைத் தூக்கினார். நாத்தனார், "யாரும் அசையக் கூடாது!" என்றார். நானும் வரிசையில் நின்றேன். இந்தமுறை முழுதாகப் பதிந்துவிடவேண்டும் என்று எனக்கு ஒரு சொந்த ஆசையும் இருந்தது.

"மூக்கு அரிக்குதுக்கா."

"அரிக்கட்டும்."

"சொறிஞ்சுக்கவா?"

"சொறிஞ்சா மூக்கு இருக்காது. உன் இஷ்டம்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பேசறவனுக்கு வாய் இருக்காது."

அப்போது பார்த்து அடியில் ஒரு ரயில் வந்தது. ரயில் வந்தால் பார்க்கக்கூடாது என்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

படத்தில் எல்லோரும் இருந்தார்கள். முகங்கள்தான் முன்னேபின்னே. ரயிலைப் பார்க்கத் திரும்பியவர்களுக்குக் கழுத்துக்குமேல் மூடுபனி. கண்டக்டருக்கு இரண்டு தலை. ஒன்று எங்களோடு, ஒன்று பஸ் பக்கம். நாத்தனார் இடுப்பில் கைவைத்து, விரல்கள் உட்பட முழுமையாக நின்றார். எனக்கு மூக்கு இல்லை.

அதிகாரி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் ஏன் கேமராவைப் பார்க்கறாங்க?"

"நிக்கச் சொன்னேன் சார், பார்த்துக்கிட்டு நின்னாங்க."

"இவங்க பாலத்தை யூஸ் பண்ணலைம்மா. கேமராவை யூஸ் பண்றாங்க. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போறவனுக்குத்தான் பாலம். நடுவுல வந்து நிக்கறவனுக்கு எதுக்கு? போறவங்களைக் காட்டுங்க."

"போறவங்க பதியமாட்டாங்க சார்."

"அப்ப போறவங்க இல்லை."

அவர் கோபமாகப் பேசவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஒரு கணக்கைப் பிள்ளை திரும்பத்திரும்பத் தப்பாகப் போட்டால் வாத்தியாருக்கு வருமே, அந்த வருத்தம். பரிந்துரையை முடித்து அடுத்த வாரம் அனுப்பிவிடவேண்டும் என்றார். பழைய படமே போதும். ஆனால் முதல் பக்கத்தில் எங்கள் அலுவலகத்தின் படம் ஒன்று வேண்டும். பிரிவு எப்படி இயங்குகிறது என்று கூட்டத்தில் உள்ளவர்களுக்குத் தெரியவேண்டும். "அதையும் அதே முறையில எடுத்துடுங்க. மூணு நிமிஷம். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

அக்கா சரி என்றார். சண்டை போடுகிற தெம்பு அவரிடம் இல்லை. அன்றுகாலை நாத்தனார் மெஷினுக்கு வேறு இடம் பார்க்கப் போயிருந்தார்.

முற்பகலில், எல்லோரும் வந்து சேர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, கூடத்தின் வாயிலில் முக்காலியை வைத்தார். யாரையும் நிற்கவும் சொல்லவில்லை, நடக்கவும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கட்டினார், திறந்தார், காத்திருந்தார். கூடம் எப்போதும்போல் இருந்தது. பெரிய இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மேஜை மேஜையாகப் போனார். நான் வரைபடச் சுருளை எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் போனேன். இரண்டு பேர் ஜன்னலுக்கும் தேநீர்க் குடுவைக்கும் இடையே உலாவினார்கள். கடைசியிலிருந்த மேஜையில் அதிகாரி போனில் பேசினார். அவருக்கு உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றி மேஜைக்கடியில் வைக்கிற பழக்கம்; போன் வந்தால் காலுறையோடு எழுந்து நடந்துகொண்டேதான் பேசுவார். பதிவறை உதவியாளர் ஒருவர் கன்னத்தில் கைவைத்துக் கண்மூடியிருந்தார். அவரை நாங்கள் தியானம் என்று கூப்பிடுவோம்.

அச்சிட்ட படங்களை அக்கா மறுநாள் அதிகாரியின் மேஜையில் வைத்தார். மேலே இருந்த படத்தை அவர் எடுத்தார். நானும் பெரிய இன்ஜினியரும் எதிரில் நின்றோம்.

"இது எப்ப எடுத்தது?"

"நேத்து முற்பகல் சார். மூலையில இருக்கு."

"நேத்து நான் இருந்தேனே."

"இருந்தீங்க சார்."

அவர் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். கூடம் பளிச்சென்று இருந்தது. நாற்காலிகள் எல்லாம் காலி. மின்விசிறிகள் இருந்த இடத்தில் சாம்பல் வட்டங்கள். நட்டநடுவில் தியானம் மட்டும், கன்னத்தில் பதிந்த விரல்வரை தெளிவாக.

"இது என் ஷூ" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"ஷூ இருக்கு."

"இருக்கு சார்."

"நான் எங்க?"

"போன்ல பேசிக்கிட்டு நடந்தீங்க சார்."

"நாப்பது நிமிஷம் பேசினேன். தலைமை அலுவலகத்துல இருந்து. எவ்வளவு முக்கியமான பேச்சு தெரியுமா?"

"தெரியும் சார். ரொம்ப வேகமா நடந்தீங்க."

பெரிய இன்ஜினியர் தன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "நானும் இல்லை" என்றார், ஆறுதலாக.

அதிகாரி விரலைத் தியானத்தின்மேல் வைத்தார். "இவர் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா இருக்கார்?"

கூடத்தில் தியானம் கைமாற்றி வைத்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். முதல் பக்கத்தில் இந்தப் படமும் நாலாம் பக்கத்தில் பாலமும் போனால், கூட்டத்தில் உள்ளவர்கள் நாலாம் பக்கம்வரை வரமாட்டார்கள். எந்தப் பிரிவை முதலில் பிரித்து எடுக்கவேண்டும், யாரை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே தெளிவாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

"படம் எதுவும் வேண்டாம்" என்றார் கடைசியில். "படம் இல்லாம அனுப்புங்க."

படம் இல்லாமல் அனுப்பினோம். பாலத்தை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு நகராட்சிக் கூட்டம் திருப்பி அனுப்பியது. ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நான்தான் பதில் தயாரித்தேன். பாலம் பிழைத்தது. அடுத்த வருடம் துருவைச் சுரண்டி, நாலு தூண்களுக்குப் புது இரும்பு பற்றவைத்தார்கள். அந்த வேலையில் அக்காவின் கணவரும் இருந்தார்.

அதிகாரி ஒரு உத்தரவு போட்டார்: இனிமேல் படத்தின் மூலையில் நேரம் அச்சிடக் கூடாது. மாற்றலாகிப் போகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பாலத்துல ஆள் இல்லைங்கற என் கருத்து மாறலை தம்பி" என்றார். "ஆனா ஆபீஸ்ல ஆள் இருக்கு. அதுல சந்தேகமில்லை."

பாலம் நின்றதற்குக் காரணம், தான் மூட்டையோடு ஏறி ஊரை நிற்கவைத்ததுதான் என்று நாத்தனார் நம்புகிறார். கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறார். அந்தப் படத்தைச் சட்டம்போட்டு மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார். கண்டக்டர் வந்தால் அவருடைய இரண்டு தலையையும் அவருக்கே காட்டுகிறார். ஒருநாள் நான் உண்மையை எடுத்துச் சொல்லப் போனபோது அக்கா கண்ணால் தடுத்துவிட்டார்.

"விடுங்க தம்பி. வீட்ல சோறு நிம்மதியா இறங்குது."

இப்போது நான் வேறு பிரிவில் இருக்கிறேன். நாத்தனார் கடையில் இரண்டாவது மெஷின் வந்திருக்கிறது. அக்கா அதே பாலங்கள் பிரிவில், அதே ஒப்பந்தத்தில் இருக்கிறார். வெல்டிங் கண்ணாடியின் ஓரம் உடைந்துபோய் வேறொன்று மாற்றியிருக்கிறார். இந்த வாரம் ஆற்றுப் பாலத்தின் தூண்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்.